ஒன்பதாவது தூண்டில்

நாட்டின் மின்சாரத்தையும் ரயிலையும் இணையத் திருடர்களிடமிருந்து காக்க ஆள் தயார் செய்யும் பள்ளி அது. அங்கே பாடம் நடத்துகிறவளுக்கு மாணவர்கள் வைத்த பட்டப்பெயர் கழுகுக்கண். ஒரே ஒரு பொய்க் கடிதத்தை யாராவது நம்பித் திறந்தால் ஊரே இருண்டுவிடும் என்று ஓதி ஓதி, பெற்ற தாய் அனுப்பும் வாழ்த்தைக்கூட இரண்டு முறை பார்த்துத்தான் திறப்பாள்.

அந்த வாரம் எட்டு மாணவர்களுக்கும் ஒரு வேலை கொடுத்திருந்தாள். ஆளுக்கொரு பொய் மின்னஞ்சல் எழுதி அவளையே ஏமாற்ற வேண்டும். "ஆசை எங்க இருக்கோ, அங்க தூண்டில போடுங்க," என்று சொல்லியும் கொடுத்தாள்.

சம்பள உயர்வு, பரிசு, பார்சல் என்று வந்தன. எல்லாம் சின்னப்பிள்ளை வேலை. ஒன்றில் மட்டும் கை நின்றது. முன்பின் தெரியாத முகவரி. 'அக்கா, கோபம் போச்சா? படத்தைப் பாரு.'

தங்கையும் இதே பள்ளியில் கூடப் படித்தவள்தான். இருவரும் தோளில் கைபோட்டு நிற்கும் படம் இன்னும் நடைச்சுவரில் தொங்குகிறது. படிப்பை முடித்த கையோடு தங்கை தனியார் கம்பெனிக்குப் போய்விட்டாள். "நாட்டைக் காக்கப் படிச்சிட்டு ஓடுறியா?" என்று அக்கா கத்தியதோடு சரி, நான்கு வருடம் பேச்சில்லை. கோபம் முதல் மாதமே போய்விட்டது, வீம்புதான் போகவில்லை. அந்தக் குரலுக்கு அவள் ஏங்காத நாள் கிடையாது.

சுவர்ப் படத்தைப் பார்த்து, பழைய சண்டையையும் விசாரித்து எவனோ எழுதியிருக்கிறான், கெட்டிக்காரன்! நெஞ்சு வலிக்க வலிக்க 'போலி' என்று குறித்தாள். 'உங்கள் கடிதம் ஏற்கப்படவில்லை' என்ற பதில் தானாகப் போயிற்று.

வெள்ளிக்கிழமை வகுப்பில் கேட்டாள்.

"அக்கான்னு எழுதினது யாரு? நூத்துக்கு நூறு."

ஒரு கையும் உயரவில்லை.

"மேடம், எங்க எட்டும் இதோ இருக்கு. அது எங்களோடது இல்ல," என்றாள் முன்வரிசைப் பெண்.

வந்த கடிதங்களை எண்ணிப் பார்த்தாள். ஒன்பது.

பலகையில் அவள் கையெழுத்திலேயே விதி இருந்தது: சந்தேகம் வந்தால், ஏற்கெனவே தெரிந்த எண்ணுக்குப் போன் போட்டுக் கேள். தங்கையின் எண் மனப்பாடம். போன்களை வாங்கி வைக்கும் வாசல் அலமாரிக்கு ஓடினாள்.

முதல் மணியிலேயே எடுத்தார்கள். பக்கத்தில் கைக்குழந்தை ஒன்று வீறிட்டது.

"நான்தான்டி," என்றாள்.

"கடிதத்த ஏத்துக்கலன்னு பதில் வந்துச்சு. அவ்வளவுதான்னு நெனச்சேன்," என்றாள் தங்கை. "ஆனா நம்பர மட்டும் மாத்தலக்கா. என்னைக்காவது நீ போடுவேன்னு."