எலும்பு தட்டிய புண்

பஞ்சு சுற்றிய குச்சி புண்ணுக்குள் போய்க்கொண்டே இருந்தது. நுனியில் கெட்டியாக ஏதோ தட்டியதும் சுஹராவின் கை நின்றுவிட்டது. எலும்பு.

நிலம்பூர்ப் பக்கத்தில் வீடு வீடாகப் போய்ப் படுக்கையில் கிடப்பவர்களைப் பார்க்கும் நர்ஸ் அவள். பிரதீபன் கமுகு மரத்திலிருந்து விழுந்து, இடுப்புக்குக் கீழே மரத்துப்போய் இரண்டு வருஷம். போன மாதம் முதுகடியில் வெறும் சிவப்பாகத்தான் இருந்தது. பிறகு தோல் கிழிந்தது. போன செவ்வாய்க்கிழமை அளந்தபோது மூன்று சென்டிமீட்டர். இன்று ஏழு. ஓரம் கறுத்து, உள்ளே பை மாதிரிக் குடைந்திருந்தது.

"எப்படி சிஸ்டர் இருக்கு?" சுவரைப் பார்த்தபடி கேட்டான் பிரதீபன். அவனுக்கு அங்கே வலியே தெரியாது.

"கூடியிருக்கு."

"நம்ம வீட்ல வளர்றது அது ஒண்ணுதான். வளரட்டும்."

சிரித்தான். உடம்பு அனலாய்க் கொதித்தது. சுஹரா ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தாள். மழையில் பாலம் மூழ்கிவிட்டது, சுற்றி வரவேண்டும், முக்கால் மணி நேரம் ஆகும் என்றார்கள். புண்ணைக் கழுவிக் கட்டினாள். ஆஸ்பத்திரிக்குக் காட்ட ஒரு படமும் எடுத்திருந்தாள். அவனை இடப்பக்கம் ஒருக்களித்து, முதுகுக்குத் தலையணை முட்டுக்கொடுத்துவிட்டுக் கிணற்றடிக்கு வந்தாள்.

அவன் மனைவி ஷீஜா கைக்குத் தண்ணீர் ஊற்றினாள். சுஹராவுக்கு ஆத்திரம் அடங்கவில்லை.

"ரெண்டு மணி நேரத்துக்கொருக்க அவரைப் புரட்டுன்னு எத்தனை தடவை சொல்றது? மல்லாக்கப் போட்டுட்டுத் தூங்கிடுறியா?"

"புரட்டுறேன் சேச்சி."

"பொய் சொல்லாத. புரட்டின உடம்புல இப்படி வராது. நீயே அவரை அழுக விட்டிருக்க."

ஷீஜா வாளியைக் கீழே வைத்தாள். "ரப்பர் பால் வெட்டுற வேலைக்குப் போறதையே விட்டுட்டேன். கடிகாரம் பார்த்துப் பார்த்துப் புரட்டுறேன். அப்புறம் எப்படி மல்லாக்கக் கிடக்கார்னு எனக்கே தெரியல. நான் யார்கிட்ட போய்ச் சொல்ல?"

சுஹரா உள்ளே போனாள். போனவள் வாசற்படியிலேயே நின்றாள். தலையணை தரையில் கிடந்தது. பிரதீபன் மல்லாந்து கிடந்தான். அவன் வலக்கை இன்னும் தலைமாட்டு ஜன்னல் கம்பியைப் பிடித்திருந்தது. மரமேறிய கை; இடுப்புக்கு மேலே இன்னும் பலம் இருந்தது.

"நீங்களேதானா?"

அவன் கம்பியை விட்டான். "அவகிட்ட சொல்லாதீங்க சிஸ்டர். அவளுக்கு முப்பத்திமூணு வயசு. இன்னும் எத்தனை வருஷம் என் மலத்தை அள்ளுவா? விஷம் வாங்கிட்டு வர எனக்குக் காலில்ல. இதுதான் முடிஞ்சுது."

சுஹரா செய்யக்கூடாததைச் செய்தாள். போனில் எடுத்த படத்தை அவன் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"பாருங்க. சத்தமில்லாம முடிஞ்சுடும்னு நெனச்சீங்கல்ல? இதைத்தான் அவ தினமும் துடைக்கிறா. இந்த நாத்தத்துக்குப் பக்கத்துலதான் பாய் விரிச்சுப் படுக்கிறா."

அவன் பார்த்தான். வெகுநேரம் பார்த்தான். தன் புண்ணை அவன் கண்டதே இல்லை. "அந்த வெள்ளையா தெரியிறது என்னது?"

"உங்க எலும்பு."

அவன் உதடு கோணியது. "அவ ஒரு வார்த்தை சொல்லலையே," என்று தேம்பினான்.

ஷீஜா கதவருகே நின்று எல்லாம் கேட்டிருந்தாள். ஓடிவந்து அவன் நெஞ்சில் இரண்டு கையாலும் அடித்தாள். "கடிகாரம் பார்த்தேனே, படுபாவி! நான் கடிகாரம் பார்த்துக்கிட்டே இருந்தேனே!" சுஹரா இழுத்துப் பிடிக்கவேண்டியிருந்தது.

ஆஸ்பத்திரியில் அழுகியதையெல்லாம் வெட்டியெடுத்தார்கள். புண்ணின் விஷம் இரத்தத்தில் ஏறிவிட்டது, நம்பிக்கை கொடுக்க முடியாது என்றார் டாக்டர். பத்து நாள் அவன் யாரையும் அடையாளம் காணவில்லை. பதினொன்றாம் நாள் கண் திறந்தான். புண் ஒரு கைப்பிடி அளவுக்குத் திறந்தே கிடந்தது. மூடுமா என்று ஒருவரும் சொல்லவில்லை.

அன்று மத்தியானம் சுஹரா பார்க்கப் போனாள். "அன்னிக்குக் கிணத்தடியில நான் சொன்னதை..." என்று ஆரம்பித்தாள்.

ஷீஜா அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "அது கிடக்கட்டும் சேச்சி. அந்தப் பக்கம் போய்த் தோளைப் பிடிங்க. மணி ரெண்டாச்சு."

பிரதீபன் கையைக் கட்டிலோரம் கொண்டுபோய், அவர்கள் புரட்டிய பக்கமே தன்னையும் இழுத்துக்கொண்டான்.