துர்முஷ் உஸ்தா காத்த கல்

ஆறு வருஷமாக அசையாத கல், இந்த வருஷம் எட்டு மில்லிமீட்டர் நகர்ந்திருந்தது. துலாய் மூன்று தரம் அளந்தாள். மூன்று தரமும் அதே எட்டு.

கெரெடே என்ற ஊருக்குப் பக்கத்துக் கிராமம் அது. நிலநடுக்கம் கிளம்பும் நிலப்பிளவு எங்கெங்கோ சுற்றி, கைதேர்ந்தவர் என்று ஊரார் 'உஸ்தா' பட்டம் சேர்த்து அழைக்கும் கொத்தனார் துர்முஷ் உஸ்தாவின் முட்டைக்கோஸ் பாத்தி ஓரமாகப் போகிறது. பிளவுக்கு அந்தப் பக்கம் ஒரு கல், இந்தப் பக்கம் பாத்தியில் ஒரு கல். நட்டவள் துலாய். அக்டோபர் தோறும் இஸ்தான்புல்லிலிருந்து வந்து, ஒன்றை விட்டு ஒன்று எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்று அளப்பாள். இதுவரை மயிரிழைகூட நகர்ந்ததில்லை. நிலம் இங்கே பூட்டிக்கொண்டது, உள்ளே இறுக்கம் ஏறுகிறது, என்றாவது ஒருநாள் பெரிதாகக் குலுங்கும் என்பதுதான் அவளுடைய முனைவர் பட்ட ஆராய்ச்சி. அடுத்த வாரம் அதற்கான வாய்மொழித் தேர்வு.

இப்போது அந்தப் பூட்டு திறந்துகொண்டதோ? ஊரைக் காலி செய்யச் சொல்லி ஒன்றும் நடக்காவிட்டால் ஊரே சிரிக்கும். சொல்லாமல் இருந்து நடந்துவிட்டால்? மாவட்ட அலுவலகத்தை அழைக்கக் கைபேசியை எடுத்தாள்.

அந்நேரம் பார்த்துச் சந்தையிலிருந்து உஸ்தா வந்து சேர்ந்தார். அவளைக் கண்டதும் அவர் முகத்தில் ஈயாடவில்லை.

"நாளைக்குத்தானேம்மா வர்றதாச் சொன்னே?"

"முன்னாடியே கிளம்பிட்டேன். வீட்டுல இருக்கிறவங்களை வெளியே கூப்பிடுங்க உஸ்தா, கல்லு நகர்ந்திருக்கு."

"நகராம என்ன செய்யும்? நான் இன்னும் சரி பண்ணலையே."

துலாய் கைபேசியை இறக்கினாள். "என்னத்தைச் சரி பண்றது?"

"வருஷா வருஷம் பண்றதுதான். விருந்தாளி நீ வர்றதுக்கு முந்தின நாள் நூல் பிடிச்சு, கடப்பாரையால நெம்பி, பழைய இடத்துல வெச்சு மண்ணை இறுக்கிடுவேன். பாழாப்போன நிலம், வருஷத்துக்கு அரை விரல் அகலம் இழுத்துட்டுப் போவுது."

"உங்களை யாரு தொடச் சொன்னா?"

"நீதான். 'இது உங்ககிட்ட அமானிதம், துளி அசையக் கூடாது'ன்னுட்டுப் போனே. நம்பி ஒப்படைச்சதை இடம் மாற விட்டா மேலே போய் என்ன பதில் சொல்றது?"

அவர் நூல் பிடித்தால் மயிரிழை பிசகாது என்று ஊரே சொல்லும். அந்தப் பெருமைதான் இவள் தலையில் விழுந்தது. துலாய் வரப்பில் உட்கார்ந்துவிட்டாள். அந்தக் கடப்பாரையைக் கிணற்றில் எறிந்தால் என்ன என்றிருந்தது.

"தப்பாப் போச்சாம்மா?"

"உங்களுக்கு நல்லதுதான். கொஞ்சம் கொஞ்சமா நழுவுற நிலத்துல இறுக்கம் அவ்வளவாச் சேராது. நிம்மதியாத் தூங்குங்க. என் ஆராய்ச்சிதான் மண்ணாப் போச்சு."

உஸ்தா தொப்பியைக் கழற்றினார். "ஆறு வருஷ உழைப்பைத் தின்னுட்டேன். ஹலால் பண்ணிடும்மா."

பட்ட கடனை மன்னித்து விட்டுவிடு என்று அப்படிக் கேட்டவரிடம் இல்லை என்று சொல்வது அந்த நாட்டில் வழக்கமில்லை. துலாய்க்கு அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது.

"ஹலாலாகட்டும்" என்றாள். பிறகு நோட்டில் புதுப் பக்கம் திருப்பி, முதல் வருஷம், எட்டு மில்லிமீட்டர் என்று எழுதினாள்.