அழைத்தவர் இல்லாத கூட்டம்

2025 மார்ச் 12, புதன்கிழமை காலை பத்து மணிக்கு, ஒரு பெரிய மென்பொருள் நிறுவனத்தின் நான்காம் மாடியில் பதினொரு பேர் வழக்கமான வாராந்திரக் கூட்டத்துக்கு வந்து உட்கார்ந்தார்கள். அந்தக் கூட்டத்துக்கு அழைத்தவர் வேலையை விட்டுப் போய் மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன.

அதைக் கண்டுபிடித்தவள் மென்பொருளில் பிழை பார்க்கும் பெண். கண்ணுக்கு எதுவும் தப்பாது என்பதால் அங்கே அவளுக்குச் சல்லடை என்று பெயர். இரண்டு ஆண்டுகளாக ஒரே பக்கத்தில் உள்ள ஒரே பொத்தானைச் சோதித்துவந்தாள். நாலு பேர் மட்டும் உள்ள ஒரு சிறு நிறுவனம், முழு மென்பொருளையும் உன் கையில் தருகிறோம் வா என்று அழைத்திருந்தது. வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். தான் போய்விட்டால் இந்த அறையில் யாராவது தேடுவார்களா என்று யோசித்தபடியே கணினியில் கூட்ட அழைப்பைத் திறந்தாள். அழைத்தவர் என்ற இடத்தில் தெரிந்த பெயர் இருந்தது. அவளை இப்போது வேலைக்குக் கூப்பிட்டிருந்த அந்தச் சிறு நிறுவன முதலாளியின் பெயர்.

பக்கத்து நாற்காலிக்காரரிடம் காட்டினாள். பதினான்கு ஆண்டுகளாக இடத்தைவிட்டு அசையாத அவரைத் தூண் என்பார்கள்.

"அட, இவனா! இவன் போயி எவ்வளவு நாளாச்சு!"

"அப்ப இத்தனை நாளா யாரு கூப்பிட்டு வந்தோம்?"

"மணியடிச்சா வந்து உக்கார்றோம். யாரு அடிச்சான்னு எவன் பாத்தான்?"

"எதுக்கு ஆரம்பிச்சதுண்ணே இது?"

"பழைய சர்வரை மாத்துறதுக்கு."

"அதை மாத்தியாச்சே."

"அதான் இப்ப கூட்டம் சண்டை சச்சரவு இல்லாம நடக்குது."

"நிறுத்த முடியாதா?"

"அழைச்சவர்தான் நிறுத்த முடியும். மேல எழுதிக் கேட்டேன்னு வை, அதைப் பத்திப் பேச இன்னொரு கூட்டம் போடுவாங்க. வாயை வச்சுக்கிட்டு சும்மா இரு தாயி."

சும்மா இருக்க முடியவில்லை. மறுநாள் மாலை அந்தச் சிறு நிறுவனத்துக்கே போனாள். சைக்கிள் பழுது பார்க்கும் கடைக்கு மேல் ஒற்றை அறை. முதலாளி சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, அடைத்துப்போன கைகழுவும் தொட்டிக்குள் கம்பியை விட்டுக் குத்திக்கொண்டிருந்தார்.

"வாங்க வாங்க. சம்மதம் சொல்லத்தானே வந்தீங்க?"

"இல்ல, ஒண்ணு கேக்கணும். புதன்கிழமை பத்து மணிக் கூட்டம் நீங்க வச்சதா?"

கம்பி பாதியில் நின்றது. "இன்னுமா நடக்குது?"

"வாரம் தவறாம."

"நாலு வாரத்துக்குன்னு வச்சது அது! யாரு முதல்ல பேசுறா?"

"தூண்தான். போன வாரம் பேசினதையே பேசுவாரு."

"ஜன்னலோரம் ஒரு ஆடுற நாற்காலி இருக்குமே..."

"இப்ப அதுல நான்தான் உக்கார்றேன். இன்னும் ஆடுது."

அவர் வாய்விட்டுச் சிரித்தார். பிறகு கையைத் துடைத்துக்கொண்டே, "நான் போனா நின்னுடும்னு நெனச்சேன்" என்றார்.

"அங்கேருந்து ஏன் வந்தீங்க?"

"செஞ்ச வேலை எங்க போய்ச் சேருதுன்னே தெரியல. இங்க வாடிக்கையாளர் திட்டினா, என்னைத்தான் திட்டுறார்னு தெளிவாத் தெரியும்."

"லீவெல்லாம் எப்படி?"

"லீவா? பொண்ணு பிறந்தன்னிக்கு ஆஸ்பத்திரி மாடிப்படியில உக்காந்து கோளாறைச் சரி பண்ணிட்டிருந்தேன். நான் இல்லேன்னா இங்க எதுவும் ஓடாதுங்க."

பெருமையாகச் சொன்னாரா, அலுத்துக்கொண்டாரா என்று அவளால் பிரித்தறிய முடியவில்லை. போன வருடம் அம்மாவின் ஒரு முழங்காலுக்கு அறுவைச் சிகிச்சை நடந்தபோது அவள் ஆறு வாரம் விடுப்பில் இருந்தாள். திரும்பி வந்தபோது எந்த வேலையும் அவளுக்காகக் காத்திருக்கவில்லை. "எங்க, ஆளையே காணோம்?" என்றுகூட யாரும் கேட்கவில்லை. அன்று அது சுருக்கென்று தைத்தது. சம்பளம் மட்டும் தேதி தவறாமல் வந்திருந்தது.

"ஜூன்ல அம்மாவுக்கு இன்னொரு முழங்கால். எனக்கு ஆறு வாரம் வேணும்."

முதலாளி அறையில் இருந்த மூன்று தலைகளையும் ஒருமுறை பார்த்தார். மூன்றும் திரையைவிட்டு நிமிரவில்லை.

"பொய் சொல்ல மாட்டேங்க. ரெண்டு வாரம்னா எப்படியாவது சமாளிச்சிடுவோம். ஆறு வாரம்னா கடையை மூட வேண்டியதுதான்."

தொட்டியில் தேங்கிய தண்ணீர் கொடகொடவென்று இறங்கியது. அவர் முகம் மலர்ந்தது.

அவள் கிளம்பும்போது கேட்டார்: "அந்தக் கூட்டத்தை நானே நிறுத்திடட்டுமா?"

"எப்படி நிறுத்துவீங்க? நீங்க போன அன்னிக்கே உங்க கம்ப்யூட்டர் கணக்கை மூடியிருப்பாங்களே."

வெள்ளிக்கிழமை, "வேலைக்கு வரலைங்க" என்று அவருக்கு எழுதி அனுப்பினாள். ஜூனில் அம்மாவுக்கு அறுவைச் சிகிச்சை நடந்தது. அவள் ஆறு வாரம் விடுப்பு எடுத்தாள். ஆறு புதன்கிழமையும் கூட்டம் நடந்தது.