டையூவில் சிவந்த முகம்

1

இந்தக் கதை ஒரு போட்டோவிலிருந்து வந்தது. ராஜ்கோட்டில் எங்கள் தெருக்காரர் ரவ்ஜிபாய், தீபாவளி விடுமுறையில் நண்பர்களோடு டையூ கடற்கரையில் எடுத்துக்கொண்டது. குடித்தது ஒரே ஒரு பீர். அவர் முகம் மட்டும் திட்டுத்திட்டாகச் சிவந்திருந்தது.

'தொழிற்சாலைத் தொட்டியின் இனிப்பான மணம் அவரை மெல்ல மெல்ல...' என்றுதான் முதலில் தொடங்கினேன். விஷத்துக்கு எதற்கு அலங்காரம்? அடித்துவிட்டேன்.

2

ரவ்ஜிபாய்க்கு பேரிங் தொழிற்சாலையில் வேலை. தொட்டியில் கொதிக்கும் டிரைகுளோரோ எத்திலீன் என்ற கரைப்பானின் ஆவியில் இரும்பு வளையங்களை இறக்கி எண்ணெய்ப் பிசுக்கை எடுப்பார். அங்கே அதை 'டிரை' என்பார்கள்.

(டிரை பழசாகித் தண்ணீரும் சேர்ந்தால் அமிலமாகும், இரும்பை அரிக்கும். மூச்சில் போனால் ஈரலைக் கெடுக்கும். அதிலேயே நிற்கிறவர் கொஞ்சம் குடித்தாலும் முகம் சிவக்கும். கதைக்குள் பாடம் நடத்தாதே என்பார்கள். நடத்துவேன்.)

விற்ற வளையங்கள் துருப்பிடித்துத் திரும்பி வந்தன. முதலாளி தீரஜ்லால் சேட்டிடம் யாரோ அந்தப் போட்டோவைக் காட்டினார்கள். ராஜ்கோட் இருப்பது மதுவிலக்கு மாநிலத்தில்; டையூவில் தடையில்லை. பழிபோட ஆள் கிடைத்துவிட்டது.

"குடிச்சிட்டு வந்து வளையத்த ஈரத்தோட எடுத்துப் போட்டிருக்க ரவ்ஜி. நாளைலேர்ந்து வராத."

"நான் குடிச்சது லீவுல, சேட். நாலு பேரு குடிச்சோம். டிரைல நிக்கிற என் மூஞ்சி மட்டுந்தான் செவந்துச்சு. உங்க தொட்டி வளையத்தையும் தின்னுது, என்னையும் தின்னுது."

"குடிகாரனுக்கு வாயப் பாரு!"

3

இங்கே இரண்டு முடிவுகள் எழுதிப் பார்த்தேன். ஒன்றில் ரவ்ஜிபாய் கைகூப்பி மன்னிப்புக் கேட்கிறார். எழுதவே கூசியது. மற்றதில் ஈரல் கெட்டுச் சாகிறார், சேட் தேம்பித் தேம்பி... போதும். செத்தால்தான் அவர் சொன்னதை நம்புவீர்களா? அவரைச் சாகவிட மாட்டேன்.

4

ஆகவே ரவ்ஜிபாய் சேட்டின் நாற்காலியைக் கரகரவென்று இழுத்துப்போய்த் தொட்டிக்குப் பக்கத்தில் போட்டார். எல்லோரும் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

"ஒரு வாரம் இங்க உக்காருங்க சேட். அப்புறம் டையூ போவோம், பீர் என் செலவு. உங்க மூஞ்சி செவக்கலேன்னா நானே வேலைய விட்டுப் போயிடறேன்."

சேட் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு பின்னால் நகர்ந்தார்.

"ஏன் சேட், குடிச்சது நான்தானே? நீங்க ஏன் மூக்கைப் பொத்துறீங்க?"

5

வேலை போனதா, நிலைத்ததா என்று நான் எழுதப்போவதில்லை. நீங்களே முடித்துக்கொள்ளுங்கள். ரவ்ஜிபாய் குடிகாரர்தான் என்றுகூட முடிக்கலாம், உங்கள் இஷ்டம். ஆனால் அதை அந்த நாற்காலியில் உட்கார்ந்து எழுதுங்கள்.