நோகாத கால்

வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில் மருந்துக்கடை வைத்திருக்கிறேன். சலிசிலிக் அமிலம் கேட்டு யார் வந்தாலும், "சீனி வருத்தம் இருக்கா?" என்று நீரிழிவைப் பற்றித்தான் முதலில் கேட்பேன். சிலருக்கு முகம் சுருங்கும். சுருங்கட்டும். கேட்காமல் கொடுக்க நான் பலசரக்குக் கடை வைத்திருக்கவில்லை.

அந்த அமிலத்தின் மேல் எனக்குத் தனி மதிப்பு உண்டு. வில்லோ போன்ற சில மரம் செடிகளில் தானாகவே ஊறுவது. அஸ்பிரினுக்கு நெருங்கிய உறவு. கொஞ்சமாய்ச் சேர்த்தால் பொடுகையும் முகப்பருவையும் அடக்கும். அளவைக் கூட்டினால் மருவையும் கால் ஆணியையும் ஊறவைத்து உரித்தெடுத்துவிடும். கெட்டிக்காரச் சாமான்தான், ஆனால் எங்கே நிறுத்துவது என்று அதற்குத் தெரியாது. நல்ல தோலைத் தொட்டதும் நோகும், நொந்தவர் நிறுத்திவிடுவார். சீனி வருத்தம் நாள்பட்டவர்கள் பலருக்குக் காலில் நோவே தெரியாது. பிறகு யார் நிறுத்துவது?

சுபோதினி டீச்சர் வந்தபோதும் இதைத்தான் கேட்டேன். கணக்கு டியூஷனில் பாதி வெள்ளவத்தையை உருட்டி எடுத்தவர். பெருவிரலுக்குக் கீழே ஆணி. நொண்டி நொண்டித்தான் படியேறினார். மகளைப் பெண் பார்க்கப் பக்கத்து ஊரான பாமன்கடையிலிருந்து ஞாயிற்றுக்கிழமை ஆட்கள் வருகிறார்களாம். அதற்குள் நேராக நடக்க வேண்டுமாம். கடையில் நாலைந்து பேர் நின்றார்கள். எனக்கு ஒரு வருத்தமும் இல்லை, இரும்புமாதிரி இருக்கிறேன் என்று அவர்களுக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னார். நம்பிக் கொடுத்தேன். சுற்றிலும் வஸ்லின் பூசுங்கள், நொந்தால் உடனே விட்டுவிடுங்கள் என்றும் சொல்லி அனுப்பினேன்.

வெள்ளிக்கிழமை காலையில் இன்னொரு போத்தல் கேட்டு வந்து நின்றார். நொண்டல் இல்லை. முகமெல்லாம் வெற்றி. "கொஞ்சமும் நோகேல்லை, ஹாஷிம். ரெண்டு நேரமும் பூசிறன்."

கதிரையைப் போட்டு உட்காரவைத்து, செருப்பைக் கழற்றச் சொன்னேன். ஆணி இருந்த இடத்தில் ஒரு குழி. ஓரமெல்லாம் வெள்ளையாய் ஊறி, நடுவில் சிவப்பாய் ஈரம் கசிந்தது. நடக்கிற எவரும் கத்தியிருக்க வேண்டிய புண் அது.

கண்ணை மூடச் சொன்னேன். பெருவிரல் நுனியைப் பேனை மூடியால் அழுத்தினேன். அவர் கண்ணைத் திறக்காமலே, "எப்ப தொடப்போறீர்?" என்று கேட்டார்.

"தொட்டுக்கொண்டுதான் இருக்கேன் டீச்சர்."

கண்ணைத் திறந்து பார்த்தவரின் முகம் வெளுத்துப்போனது. சீனி வருத்தம் இருக்கா என்று நான் அதே கேள்வியைத் திரும்பக் கேட்டேன். அவர் கவுண்டர் பக்கம் பார்த்தார். பிரெஷர் குளிசை வாங்க வந்த மிஸிஸ் தில்லைநாதன் அங்கே நின்றார். பெண் பார்க்க வரவிருந்த மாப்பிள்ளையின் தாய் அவர்தான். தாய்க்குச் சீனி என்றால் மகளுக்கும் வரும் என்று சம்பந்தத்தைக் குழப்ப இந்த ஒழுங்கையில் ஆட்கள் இருக்கிறார்கள். டீச்சர் வாயைத் திறந்தால் மகளின் கலியாணம் போகலாம், திறக்காவிட்டால் கால் போகும். எனக்கு அவர்மேல் கோபமும் வந்தது, பாவமாகவும் இருந்தது.

"இப்ப சொல்லாட்டி டொக்டர் விரலை எடுத்த பிறகு சொல்லவேண்டி வரும்," என்றேன்.

டீச்சர் நிமிர்ந்தார். வகுப்பில் பேசுகிற அதே குரல். "ஓம், எனக்குச் சீனி இருக்கு. கனகாலமாய் இருக்கு. இஞ்ச ஆக்களுக்குத் தெரியக்கூடாதெண்டு கொட்டாஞ்சேனையில போய் மருந்து வாங்கிறனான்."

நான் புண்ணைத் துடைத்துத் துணி சுற்றினேன். டொக்டருக்குப் போன் அடித்து, த்ரீவீலும் கூப்பிட்டேன். காலத்தோடு போனால் விரல் தப்பும் என்று எனக்கு நம்பிக்கை இருந்தது; அதைச் சொல்லவும் செய்தேன்.

மிஸிஸ் தில்லைநாதன் மருந்தை வாங்காமலே கிட்ட வந்தார். "மகனுக்கும் இருக்கு டீச்சர். படிக்கிற காலத்திலேயே வந்தது. ஒவ்வொரு நாளும் ஊசி போடுறவர். உங்களுக்குச் சொல்லாமல்தான் ஞாயிற்றுக்கிழமை வர இருந்தனாங்கள்."

டீச்சர் வெடிக்கப்போகிறார் என்று நினைத்தேன். வாய் திறந்தது. பிறகு, துணி சுற்றிய தன் காலைக் குனிந்து பார்த்தார். வெளியே த்ரீவீல் ஹோர்ன் அடித்தது. எழும்பி, என் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"ஞாயிற்றுக்கிழமை கட்டாயம் வாங்கோ. மகனையும் கூட்டிக்கொண்டு வாங்கோ. என்ர பிள்ளைக்கு அவர் தன்ர வாயாலேயே சொல்லட்டும். நான் என்ர காலைக் காட்டுறன்."

மிஸிஸ் தில்லைநாதன் மற்றக் கையைப் பிடித்துக்கொண்டார். இருவருமாய் அவரைப் படியிறக்கினோம்.