இரண்டாவது கைநாட்டு

ஆவணக்காப்பகத்தின் பின்னறையில் பழைய காகிதங்களின் கறையைப் போக்குவது அவள் வேலை. ஈரப்பஞ்சைக் கையில் எடுத்துவிட்டால் கூரை இடிந்து விழுந்தாலும் தெரியாது; அதனால் அலுவலகத்தில் பஞ்சக்கா என்றே பெயர் விழுந்துவிட்டது. துடைக்குமுன் தாளை ஒருமுறை படித்துவிட வேண்டும் என்பது அங்கே விதி. அவள் படிப்பதில்லை. எல்லாம் அந்தக் காலத்து அடிமைகள் நீதிபதி முன் சொன்ன வாக்குமூலங்கள். சேர்ந்த புதிதில் படிக்கப் படிக்க, தூக்கத்தில் யார் யாரோ வந்து கட்டிலருகே பேசாமல் நின்றார்கள். போதுமடா சாமி என்று அன்றிலிருந்து எழுத்தை எறும்பு வரிசையாகப் பார்க்கப் பழகிக்கொண்டாள்.

அன்றும் அப்படித்தான். வெளியே மழை, மேசைமேல் வெளிச்சம் கலங்கலாகக் கிடந்தது. தாளின் அடியில் பெருவிரல் ரேகை ஒன்று, அதை ஒட்டிச் சின்னதாக ஒரு கருப்பு. மை சிந்தியிருக்கிறது என்று நினைத்தாள். பூனையைத் தடவுவதுபோலப் பஞ்சை உருட்டி உருட்டி எடுத்தாள். சுத்தமாகப் போனதில் அவளுக்குச் சந்தோஷம்கூட.

தாள் காயுமுன்பே தட்டச்சுக்காரப் பெண் படியெடுக்க வந்து, குனிந்து வாய்விட்டுப் படித்தாள். ஒரு தாய் சொன்னது அது. எஜமான் என் மகளைப் பிரித்து விற்கப் பார்க்கிறார். கேட்டால், உனக்கு அப்படியொரு பிள்ளையே கிடையாது என்கிறார். அதனால் மடியிலிருக்கும் இவள் விரலையும் மையில் தோய்த்து என் விரலுக்குப் பக்கத்தில் வைக்கிறேன்.

"அக்கா, ரெண்டு கைநாட்டுன்னு இருக்கு. இங்க ஒண்ணுதானே தெரியுது? ஒண்ணுன்னே போட்டுடவா?"

பஞ்சக்கா திரும்பிப் பார்த்தாள். கிண்ணத்தில் பஞ்சு கருத்துக் கிடந்தது. வாயை மூடிக்கொண்டால் ஈ காக்காய்க்குத் தெரியாது, வேலையும் போகாது. ஆனால் எஜமான் சொன்ன பொய்யும் நிலைத்துவிடும். மழைச் சத்தம் எங்கோ தூரம் போய்விட்டது. பட்டப்பகலில் யாரோ நாற்காலிக்குப் பின்னால் வந்து நிற்பதுபோல இருந்தது. இடுப்பில் பிள்ளையோடு.

"ரெண்டுன்னு போடு," என்றாள். "ஒண்ண நான்தான் தொடச்சேன். அதையும் சேத்துப் போடு."

"வேலை போயிடும்க்கா."

ஈரம் உலர உலரத் தாள் தன் பழுப்புக்குத் திரும்பிக்கொண்டிருந்தது. தாயின் ரேகைக்குப் பக்கத்தில் மட்டும், சட்டைப் பொத்தான் அளவுக்கு ஓரிடம் திரும்பவில்லை. வெள்ளையாக, வட்டமாக, அங்கேயே இருந்தது.