படத்தில் விழும் அழுக்கு

கதவைத் திறந்ததும் எந்த வாடையும் வரவில்லை. அவளுக்கு முதல் சந்தேகம் அங்கேயே வந்துவிட்டது.

ஆறு வருடமாக இந்த விடுமுறை வீட்டை அவள்தான் சுத்தம் செய்கிறாள். தங்கியவர்கள் பதினொரு மணிக்குக் காலி செய்வார்கள். அடுத்தவர்கள் நான்கு மணிக்கு வந்துவிடுவார்கள். நடுவில் கிடைக்கும் நேரம் அவளுக்கும் அவள் நாத்தனாருக்கும். வாசலில் தொங்கும் சின்னப் பெட்டியில் எண்களைத் திருப்பிச் சாவியை எடுத்துத் திறந்தால், பாதிக் கதையை வாடையே சொல்லிவிடும். ஈரத் துண்டு, பழைய எண்ணெய், மூடாமல் விட்ட குப்பை. வந்தவர்கள் எத்தனை பேர், குழந்தை உண்டா, கடைசி நாளில் சண்டை போட்டார்களா என்பதுவரை வாசலில் நின்றபடியே சொல்வாள். அவள் கணவன் அவளுக்குப் பூதக்கண்ணாடி என்று பெயர் வைத்திருந்தான்.

"என்ன அண்ணி, சிலை மாதிரி நின்னுட்டீங்க?" இரண்டு கையிலும் பக்கெட்டோடு நாத்தனார் பின்னால் முட்டிக்கொண்டு நின்றாள்.

"வாடையே இல்ல."

"நல்லதுதானே. சீக்கிரம் வீட்டுக்குப் போகலாம்."

"நல்லதா? உள்ள வந்து பாரு, சொல்றேன்."

நேராக அடுக்களைக்குப் போனாள். ஃப்ரிட்ஜ் கதவில் அந்தப் பட்டியல் ஒட்டியிருந்தது. வேறு ஊரில் இருக்கும் வீட்டுக்காரம்மா போன வாரம் அனுப்பி, இவள் கையாலேயே ஒட்ட வைத்த பட்டியல். காலி செய்யும் முன் விருந்தாளிகள் செய்ய வேண்டியவை என்று பதினான்கு வரிகள். குப்பையைக் கட்டி வெளியே வைக்கவும். படுக்கை விரிப்புகளைக் கழற்றவும். பாத்திரங்களைக் கழுவி இடத்தில் வைக்கவும். அடுப்பைத் துடைக்கவும். இப்படிப் போய்க் கடைசியில் ஒரு வரி: 'நீங்கள் ஒத்துழைத்தால் துப்புரவுக்கு ஆள் வைக்கும் அவசியமே இருக்காது. நன்றி.'

ஒட்டும்போது அந்த வரியின் மேல்தான் அவள் கட்டைவிரல் இருந்தது. இரண்டு மூன்று முறை அழுத்தித் தேய்த்தாள், அது அழியவில்லை. இந்த ஒரு வீடு போனால் அவள் சுத்தம் செய்யும் மற்ற இரண்டு வீட்டுக்காரர்களும் அதே பட்டியலைக் கேட்டு வாங்கி ஒட்டுவார்கள் என்று அவளுக்குத் தெரியும். மூவரும் ஒருவருக்கொருவர் உறவு.

பட்டியல் வந்த பிறகு முதலில் தங்கியவர்கள் இவர்கள்தான். தாயும் மகளும், நான்கு நாள்.

ஃப்ரிட்ஜைத் திறந்து கதவோரத்து ரப்பரின் மடிப்பில் விரலை விட்டு இழுத்தாள். விரல் சுத்தமாக வந்தது.

"இதை யாராவது துடைப்பாங்களா?" என்றாள்.

"நாமளே மாசத்துக்கு ஒரு தடவைதானே துடைக்கறோம்."

"அதான் கேக்கறேன்."

குளியலறையில் தண்ணீர் போகும் துளையின் மூடியைத் தூக்கிப் பார்த்தாள். ஒரு முடி இல்லை. பெண்கள் இருவர் நான்கு நாள் குளித்த இடம் அது. மாப் தலைகீழாக, நூல்கற்றை மேலே இருக்கும்படி சுவரில் சாய்ந்து காய்ந்துகொண்டிருந்தது. கட்டிலுக்கு அடியில் குனிந்தாள். தூசி உருண்டை ஒன்றுகூட இல்லை. தலையணை உறை ஒன்றுக்குள் விரிப்புகளைத் திணித்து, வாயை முடிச்சிட்டுக் கதவோரம் வைத்திருந்தார்கள். கறை பட்ட உறை ஒன்று மட்டும் தனியாக, கறை வெளியே தெரியும்படி மேலே கிடந்தது.

கட்டில் விளிம்பில் உட்கார்ந்துவிட்டாள்.

"விருந்தாளின்னா விரிப்பைத் தரையில போட்டுட்டுப் போவான். ரொம்ப நல்லவனா இருந்தா மடிச்சு வைப்பான். மடிச்சு வச்சா கறை எங்கன்னு நாம மறுபடி பிரிக்கணும். இப்படி மூட்டை கட்டிக் கறையை மட்டும் தனியாப் போடறது யாரு?"

நாத்தனார் யோசித்தாள். "நாமதான்."

"ஆ. இது தொழில்காரி கை."

"அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் அண்ணி. சுத்தமான ஆளுங்கன்னு நினைச்சுட்டுப் போங்களேன்."

"சுத்தமான ஆளுங்க அவங்க வீட்ல இருப்பாங்க. வீட்டுக்காரம்மா புது ஆளைப் பிடிச்சிருக்காங்க. விருந்தாளி மாதிரி நாலு நாள் தங்கி வீட்டைப் பழகிக்கோன்னு அனுப்பியிருக்காங்க. பட்டியல் ஒட்டின வாரமே வர்றாங்கன்னா பாத்துக்க."

அவள் சொன்னதற்கு ஏற்றாற்போல இன்னும் இரண்டு விஷயங்கள் அகப்பட்டன. இத்தனை சுத்தமான வீட்டில் அடுப்பின் மேல் பால் பொங்கி வழிந்து, பழுப்பாகக் காய்ந்து கிடந்தது. குளியலறைக் கண்ணாடி முழுக்கப் பற்பசைத் தெறிப்பு. இரண்டும் குருடனுக்கும் தெரியும் இடத்தில் இருந்தன.

"ஃப்ரிட்ஜ் ரப்பரைத் துடைச்சவளுக்கு அடுப்பு கண்ணுல படலையா?"

"அவசரமாக் கிளம்பியிருப்பாங்க."

"நம்மளைச் சோதிக்க வச்சது. நாம பாக்கறோமா, பாத்ததைச் சொல்றோமான்னு."

சுத்தம் செய்வதற்கு முன்னும் பின்னும் படம் எடுத்து வீட்டுக்காரம்மாவுக்கு அனுப்புவது வழக்கம். அவள் அடுப்பை இரண்டு கோணத்திலும் கண்ணாடியை ஒரு கோணத்திலும் எடுத்தாள். அனுப்பிவிட்டுப் போனை வாயருகே வைத்துப் பேசிப் பதிவு செய்தாள்.

"அம்மா, பட்டியல்ல இருக்கறதுல ஒண்ணுமே செய்யல. அடுப்பு, கண்ணாடி எல்லாம் அப்படியே போட்டுட்டுப் போயிட்டாங்க. நாங்க வந்துதான் எல்லாம் பண்ண வேண்டியிருக்கு."

நாத்தனார் புருவத்தை உயர்த்தினாள். "ஒண்ணுமேவா அண்ணி?"

"ஒண்ணுமேதான். எனக்குப் பதிலா வரப்போறவளுக்கு நான் நற்சான்று குடுக்கணுமா?"

பதில் உடனே வந்தது. எழுத்தில். 'அப்படியா. படம் போதும். முன்பதிவுத் தளத்தில் மோசமான விருந்தாளி என்று பதிந்துவிடுகிறேன். இனி யாரும் அவர்களுக்கு வீடு தரமாட்டார்கள்.'

அவள் அதை இரண்டு முறை படித்தாள். புது ஆளைப் பற்றி எழுதுகிற மாதிரி இல்லை அது. ஆனால் வீட்டுக்காரம்மா கெட்டிக்காரி, வாயை விட்டு மாட்டிக்கொள்ள மாட்டாள் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, சுத்தமான தரையையே மறுபடி துடைக்கத் தொடங்கினாள்.

கூடம் முழுக்க ஈரமாக இருந்தபோது வாசலில் யாரோ கூப்பிட்டார்கள்.

"ஏங்க, உள்ள யாராவது இருக்கீங்களா? சார்ஜரை விட்டுட்டுப் போயிட்டேன்."

ஐம்பது வயது இருக்கும். வாசலுக்கு அப்பால் ஒரு வாடகைக் கார் நின்றது, அதில் மகள் உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வந்தவள் ஈரத்தைப் பார்த்தாள். செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, சுவரை ஒட்டி, குதிகால் மட்டும் படும்படி நடந்து வந்தாள்.

தரை துடைக்காத எவளும் அப்படி நடக்கமாட்டாள். அவள் மாப்பைச் சுவரில் சாய்த்தாள். வந்தவளின் கைகளைப் பார்த்தாள். ஒட்ட வெட்டிய நகங்கள். விரல் கணுக்களில் தரை துடைக்கும் மருந்துத் தண்ணீர் அரித்த வெடிப்பு. தன் கையைக் கண்ணாடியில் பார்ப்பது போலிருந்தது.

"எப்ப இருந்து வேலைக்கு வரச் சொல்லியிருக்காங்க?" என்று கேட்டே விட்டாள்.

"எந்த வேலைக்கு?"

"மறைக்க வேண்டாங்க. எனக்கு எல்லாம் தெரியும். வீட்டுக்காரம்மா எவ்வளவு நாளாப் பழக்கம்?"

வந்தவள் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு சிரித்தாள். சிரிப்பு நிற்கச் சற்று நேரமானது.

"நான் ஓட்டல்ல ரூம் சுத்தம் பண்றவங்க. பதினெட்டு வருஷமா. ஒரு நாளைக்குப் பதினாறு ரூம். எங்கேயும் போய்த் தங்கினதே இல்லைன்னு பொண்ணு இந்த வீட்டைப் பிடிச்சா. அவங்க யாருன்னே எனக்குத் தெரியாது."

"அப்ப கட்டிலுக்கு அடியில எதுக்குத் துடைச்சீங்க?"

"கை சும்மா இருக்கலைங்க. பொண்ணு திட்டினா, லீவுக்கு வந்தியா வேலைக்கு வந்தியான்னு." அவள் ஃப்ரிட்ஜைக் காட்டினாள். "கடைசி வரியைப் படிச்சேன். நல்லா இருக்கே கதைன்னு நினைச்சேன். குனிஞ்சு முட்டி தேயற வேலையெல்லாம் பண்ணிட்டேன். தூசியும் முடியும் படத்துல விழாது. துடைச்சாலும் துடைக்காட்டியும் ஒண்ணுதான். அடுப்பும் கண்ணாடியும் நல்லா விழும். அதை மட்டும் உங்களுக்கு விட்டு வச்சேன். ஆளு தேவைன்னு காட்ட முன் படம் வேணுமில்ல? எங்க சூப்பர்வைசரும் கேப்பாரு."

"பால்?"

"நான்தான் பொங்க விட்டேன். பற்பசை தெளிச்சது பொண்ணு. அவளுக்கு அதுல ரொம்ப சந்தோஷம்."

நாத்தனார் வாயில் கையை வைத்துக்கொண்டு அடுக்களைப் பக்கம் திரும்பி நின்றாள். அண்ணியின் முகத்தில் ஈயாடவில்லை.

"அடுத்த வருஷம் என் தங்கச்சியையும் கூட்டிட்டு வரணும்," என்றபடி வந்தவள் சுவரோரமாகவே போய்ச் சார்ஜரைப் பிடுங்கிக்கொண்டு, சுவரோரமாகவே வெளியேறினாள். ஈரத்தில் ஒரு தடம்கூட விழவில்லை.

கார் போனது. நாத்தனார் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாமல் இருப்பது அவளுக்கு வழக்கமில்லை.

"பேசித் தொலையேன்."

"நான் என்ன பேசறது? ஒண்ணுமேன்னு சொன்னது நீங்க."

அவள் போனை எடுத்தாள், வைத்தாள். ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு மறுபடி எடுத்தாள். உண்மையைச் சொன்னால், பட்டியல் பலிக்கிறது என்று தன் வாயாலேயே சொன்னதாகும். சொல்லாவிட்டால் சுவரோரமாக நடந்தவளுக்கு இனி எங்கும் கதவு திறக்காது. இந்த முறை பதிவு செய்யாமல் நேராகவே கூப்பிட்டாள்.

"அம்மா, முன்னாடி தப்பாச் சொல்லிட்டேன். அவங்க வீட்டை நல்லாத்தான் வச்சிருந்தாங்க. அடுப்பும் கண்ணாடியும் மட்டும்தான் பாக்கி."

"ஒண்ணுமே செய்யலன்னு சொன்னீங்களே."

"பொய்ங்க."

மறுமுனையில் வீட்டுக்காரம்மாவின் குரல் மெதுவாக வந்தது. "அவங்க உங்களுக்குத் தெரிஞ்சவங்களா?"

"இல்லம்மா. இப்பத்தான் பாத்தேன்."

"இப்பவா? காலி பண்ணிட்டுப் போனவங்களை எப்படிப் பாத்தீங்க? ஏதாவது குடுத்தாங்களா?"

"சார்ஜர் எடுக்க வந்தாங்கம்மா."

"ஓ. சார்ஜர்." அந்தச் சொல்லை நாலு பக்கமும் திருப்பிப் பார்ப்பது போல் சொன்னாள். அந்தத் தொனி அவளுக்கு நன்றாகத் தெரியும், அவளுடையதேதான். "சரி, அந்தப் பதிவை எடுத்துடறேன். ஆனா அவங்களே இவ்வளவு செஞ்சாங்கன்னா, அடுப்பைத் துடைக்கவா ரெண்டு பேரு மூணு மணி நேரம்?"

"எல்லாரும் அவங்க மாதிரி இருக்க மாட்டாங்கம்மா. அடுத்து வர்றவங்களைப் பாருங்க."

"பாக்கத்தான் போறேன். அவங்க காலி பண்ற அன்னிக்கு நானே நேர்ல வர்றேன். நான் வர்றவரைக்கும் நீங்க கதவைத் திறக்க வேண்டாம்."

அடுப்பைத் துடைத்தாள். கண்ணாடியைத் துடைத்தாள். பின் படங்களை எடுத்து அனுப்பினாள். பக்கெட்டுகளோடு வாசலுக்கு வந்தபோது நான்கு மணி ஆகக் கால் மணி இருந்தது. அடுத்தவர்கள் முன்னதாகவே வந்துவிட்டார்கள். பெரிய வண்டி. கதவு திறந்ததும் மூன்று பிள்ளைகள் குதித்துப் பூச்செடிப் பக்கம் ஓடின. முழங்கால்வரை மண். பின்னாலேயே உதறிக்கொண்டு ஒரு நாய்.

"அண்ணி," நாத்தனார் முழங்கையால் இடித்தாள். "நாய். ஈர நாய்."

"பாத்தேன், பாத்தேன்." ஆறு வருடத்தில் முதல்முறையாக ஒரு நாயைப் பார்த்து அவள் முகம் மலர்ந்தது.

கடைசியாக ஒரு பெண்மணி இறங்கினாள். பிள்ளைகளை அதட்டவில்லை. நாயைக் கூப்பிடவில்லை. நேரே வாசற்படிக்கு வந்து, கால்மிதியில் செருப்பை இரண்டு முறை அழுத்தித் தேய்த்தாள். பிறகு குனிந்து, கோணலாகக் கிடந்த கால்மிதியை நேராக இழுத்து வைத்தாள்.

அவள் பக்கெட்டைக் கீழே வைத்தாள்.

"வாங்க அண்ணி, போகலாம்."

"இரு," என்றாள். "இந்த அம்மா கையை ஒரு தடவை பாத்துட்டு வந்துடறேன்."